வாய் திறக்காத பிள்ளைக்கும் சொல்ல இருக்கிறது



ஒரு கிழமையாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரம்பப் பிரிவு வகுப்பொன்றின் சுவர். பிரிஸ்டல் போர்டில் வரைந்த ஆறு முகங்கள்: சந்தோசம், கவலை, கோபம், பயம், களைப்பு, "தெரியாது". முகங்களுக்குக் கீழே பிள்ளைகளின் பெயர் எழுதிய உடுப்புக் கிளிப்கள். பக்கத்தில் ஒரு நீளப் பட்டி. தமிழ், கணிதம், இடைவேளை, விளையாட்டு, வீடு என்று அன்றைய நாள் முழுவதும் படம் படமாக.

அதற்குக் கீழே வந்த கருத்துகளையும் பார்த்தோம். "பொம்ம காட்டிப் படிப்பிக்கவா அரசாங்கம் சம்பளம் குடுக்குது?" "பேசாத புள்ளைக்கிட்ட படத்தக் குடுத்தா அது இன்னும் பேசாது." "உருவப் படம் வகுப்புக்குள்ள எதுக்கு?" "ஸ்கொலர்ஷிப்புக்கு ஒரு பேப்பர் செய்விக்கிற நேரத்த இதுல வீணாக்குறாங்க."

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எங்களில் பலர் இந்த முறையைப் பாவிக்கிறோம். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பும் எங்களுடையதுதான். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் போட்டோவைப் பகிர்ந்தவர்கள் அதை அழித்துவிடுங்கள். கவலை முகத்துக்குக் கீழே இரண்டு பிள்ளைகளின் பெயர் தெளிவாகத் தெரிகிறது. அந்த இருவரும் தங்கள் கவலையைச் சொன்னது தங்கள் டீச்சரிடமும் கூடப் படிக்கும் பிள்ளைகளிடமும். ஊரிடம் அல்ல. ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன விடயம் அமானிதம். ஆறு வயதுப் பிள்ளையின் அமானிதம் என்பதற்காக அதன் கனம் குறைந்துவிடாது.

இனி விடயத்துக்கு வருவோம்.

ஒரு வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள்? காது மந்தமான பிள்ளை இருக்கலாம். திக்குவாய் என்று பகிடி பண்ணுவார்களோ என்ற பயத்தில் வாயையே திறக்காத பிள்ளை இருக்கலாம். ஓட்டிசம் உள்ள பிள்ளை இருக்கலாம். சிங்கள மொழிச் சூழலில் வளர்ந்து இப்போதுதான் ஊருக்குக் குடிவந்த பிள்ளை இருக்கலாம். உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்க, உம்மம்மாவுடன் வளரும் பிள்ளை நிச்சயம் இருக்கும். நேற்று இரவு வீட்டில் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு நித்திரை இல்லாமல் வந்த பிள்ளையும் இருக்கும்.

இந்தப் பிள்ளைகளிடம் "ஏன் மகன் அழுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. திரும்பக் கேட்டால் இன்னும் அழும். சத்தமாகக் கேட்டால் மேசையைத் தள்ளிவிட்டு ஓடும். உடனே ஊர் ஒரு பெயர் வைத்துவிடும்: குழப்படிக்காரன், மந்தம், ஊமை. அந்தப் பெயர் தரம் 1இல் ஒட்டினால் தரம் 11 வரை உரிந்து விழாது.

அதே பிள்ளையிடம் ஆறு முகம் வரைந்த அட்டையை நீட்டுங்கள். ஒரு விரலை வைத்தால் போதும். "பயம்." இப்போது டீச்சருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும். பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: உள்ளே கிடந்து உருட்டும் இந்தச் சாமானுக்கு ஒரு பெயர் இருக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கும் இது வருகிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சொன்ன சொல் காற்றோடு போய்விடும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும், கேட்டதை மூளையில் அடுக்க நேரம் எடுக்கும் பிள்ளைக்கும் அது போனது போனதுதான். படம் சுவரில் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பதில் சொல்லச் சொல்லைத் தேட வேண்டியதில்லை, காட்டினால் போதும். அன்றைய நாளைப் படமாக ஒட்டி வைப்பதும் இதற்காகத்தான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றத்தில்தான் சில பிள்ளைகள் கத்துகிறார்கள். "இந்தப் படம் முடிந்தால் இடைவேளை" என்று கண்ணால் கண்டால் பதற்றம் இறங்குகிறது.

"இது சின்னப்பிள்ளை விளையாட்டு" என்பவர்களுக்கு முதல் பதில்.

தேர்தல் வந்தால் நமது ஊர் மதில்களைப் பாருங்கள். மரம், மயில், யானை, வீடு, திசைகாட்டி. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னம் எதற்கு இருக்கிறது? எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு மூத்தம்மாவும் தன் விருப்பத்தைத் தானே, யார் தயவும் இல்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக. நாட்டை ஆள்வது யார் என்று தீர்மானிக்கப் படம் போதுமாம். "எனக்கு வயிறு வலிக்குது" என்று சொல்லப் படம் பாவித்தால் மட்டும் கேவலமாம். இது என்ன நியாயம்?

ஆஸ்பத்திரிகளில் வலியைக் கேட்கும் ஆறு முகங்களின் வரிசை ஒன்று உலகம் முழுவதும் பாவனையில் இருக்கிறது. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும். 1983இல் அமெரிக்காவின் டல்சா நகரில் டொனா வோங் என்ற தாதியும் கொனி பேக்கர் என்பவரும் அதை உருவாக்கினார்கள். தீக்காயப் பிரிவில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் வலியை இலக்கத்திலும் சொல்லிலும் சொல்லத் தெரியவில்லை. முகத்தைக் காட்டச் சொன்னபோது சொன்னார்கள். பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த வரிசை இன்று பெரியவர்களுக்கும் பாவிக்கப்படுகிறது.

இன்னொன்று. "பொம்ம காட்டிப் படிப்பிக்கிறாங்க" என்று எழுதியவர் அந்த வசனத்தின் முடிவில் சிரித்துக் கண்ணீர் விடும் மூன்று மஞ்சள் முகங்களைப் போட்டிருந்தார். தன் நக்கலைச் சொல்ல அவருக்குச் சொல் போதவில்லை, முகம் தேவைப்பட்டது. நாற்பது வயதில் அவருக்குத் தேவைப்படுவது ஆறு வயதில் தேவைப்படாதா?

"படத்தைக் கொடுத்தால் பேச்சு வராது" என்பது இரண்டாவது கதை. இந்தக் கதைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இதை நம்பித்தான் சில பெற்றோர் வீட்டில் அட்டைகளைப் பிடுங்கி வைக்கிறார்கள். "வாயால கேள், அப்பதான் தண்ணி" என்று பிள்ளையைத் தாகத்தோடு நிற்க வைக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்தவர்கள்.

பொதுவாக ஒரு பிள்ளை பேசுவதற்கு முன்னர் விரலால் சுட்டிக் காட்டுகிறது. நிலாவைக் காட்டுகிறது, பூனையைக் காட்டுகிறது, பால் போத்தலைக் காட்டுகிறது. "விரலால் காட்டினால் பேச்சு வராது" என்று எந்த உம்மாவாவது அந்த விரலை மடக்கி விட்டிருக்கிறாரா? "ஓ, நிலாவா மகள்?" என்று சொல்லைச் சேர்த்துக் கொடுத்தார். அப்படித்தான் நாம் எல்லோரும் பேச்சுப் பழகினோம். பட அட்டையும் சுட்டும் விரலின் நீட்சிதான். பிள்ளை அட்டையைத் தரும்போது டீச்சர் அந்தச் சொல்லை வாயால் சொல்கிறார். ஒவ்வொரு தரமும் சொல்கிறார்.

பட அட்டையைக் கையில் கொடுத்துத் தன் தேவையைக் கேட்கப் பழக்கும் முறை ஒன்றை 1985இல் அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் அன்டி பொன்டி, லோரி ஃப்ரொஸ்ட் என்ற இருவர் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் அது நடைமுறையில் உள்ளது. படம், சைகை போன்ற துணைகளைப் பாவித்தவர்களின் பேச்சுக்கு என்ன நடந்தது என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2006இல் வெளிவந்தது. நம்பகமான ஆய்வுகளில் இருந்த எவருக்கும் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலானோருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது. பேச்சைத் தடுப்பது படம் அல்ல. கேட்டும் கேட்டும் கிடைக்காமல், கேட்பதையே விட்டுவிடும் விரக்திதான் பேச்சைத் தடுக்கிறது.

மூன்றாவது, உருவப் படம் பற்றிய கேள்வி. இதைக் கேட்பவர்களை நாங்கள் பகிடி பண்ண மாட்டோம். மார்க்கப் பேணுதலில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஃபத்வா சொல்வது உலமாக்களின் வேலை, எங்கள் வேலை அல்ல. நாங்கள் அறிந்ததை மட்டும் முன்வைக்கிறோம்.

ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. சிறு பிள்ளைகளின் பொம்மை விடயத்தில் உலமாக்கள் பலர் சலுகை காட்டியது இதை வைத்துத்தான். நபியவர்கள் தரையில் சதுரம் வரைந்து, நடுவில் ஒரு கோடு இழுத்து அதைச் சதுரத்துக்கு வெளியேயும் நீட்டி, பக்கத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, மனிதன், அவனது ஆயுள், அவனது ஆசை, அவனுக்கு வரும் சோதனைகள் என்று விளக்கியதையும் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அநாதையைப் பொறுப்பெடுப்பவரைப் பற்றிச் சொன்னபோது இரண்டு விரல்களைக் காட்டினார்கள். முஃமின்கள் ஒருவருக்கொருவர் கட்டடம் போன்றவர்கள் என்பதைச் சொன்னபோது விரல்களைக் கோத்துக் காட்டினார்கள். சொல்லால் மட்டுமே சொல்லியிருக்கலாம். கண்ணுக்கும் காட்டினார்கள்.

உணர்ச்சியைக் கேட்பதும் மேற்கத்திய இறக்குமதி அல்ல. வளர்த்த சின்னக் குருவி செத்துப்போய்க் கவலையோடு இருந்த அபூ உமைர் என்ற சிறுவனிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தவர்கள் நபியவர்கள். மகன் இப்ராஹீம் மரணித்தபோது எல்லோருக்கும் முன்னால் கண்ணீர் விட்டார்கள். அந்த நபியின் உம்மத்தில் "ஆம்புளப் புள்ள அழக் கூடாது" என்ற சட்டம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவுக்குப் பிறகும் முகம் வரைவதில் மனம் ஒப்பாதவர்களுக்கு வழி இருக்கிறது. வெயில், மேகம், மழை, இடி என்று வானிலையை வரையலாம். "இன்று என் மனதில் மழை" என்று ஒரு பிள்ளை காட்டினால் எவருக்கும் விளங்கும். தண்ணீர்ப் போத்தல், புத்தகம், கதவு என்று பொருட்களை வரையலாம். ஆக, சிக்கல் முகம் மட்டும்தான் என்றால் அது அரை மணித்தியாலத்தில் தீரும். ஆனால் தேர்தல் காலத்தில் லைட் கம்பம் முழுக்கப் பெரியவர்களின் முகம் தொங்கும்போது வராத கேள்வி, பேசாத பிள்ளையின் அட்டைக்கு மட்டும் வருகிறது என்றால், சிக்கல் முகம் அல்ல.

நான்காவது, புலமைப்பரிசில். காலையில் கிளிப்பை மாட்டிவிட்டு உட்கார ஒரு வகுப்புக்கு ஐந்து நிமிடம் போதும். பயத்தோடு இருக்கும் பிள்ளைக்கு ஐந்து மணித்தியாலம் பாடம் நடத்தினாலும் மண்டையில் ஏறாது. ஐந்து நிமிடத்தைச் செலவழித்து ஐந்து மணித்தியாலத்தைக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான் கணக்கு.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாடசாலை யாருக்கு? வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளைக்கு மட்டுமா? வலது குறைந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதி செய்தது. அது பேச்சை மட்டுமல்ல, சைகை மொழியையும் பிரெயிலையும் பேச்சுக்குத் துணையான, மாற்றான வழிகளையும் தொடர்பாடல் என்றே வரையறுக்கிறது. ஆகவே சுவரில் இருக்கும் அந்த அட்டைகள் டீச்சரின் பொழுதுபோக்கு அல்ல. பிள்ளையின் உரிமை.

கிழக்கில் இருக்கும் நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தரவும் தேவையில்லை. 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் முன்னின்று தொடங்கினார்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை செய்து நடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து வளர்ந்த பிள்ளைகள். "என்ன நடந்தது, சொல்லு" என்று விசாரித்திருந்தால் பூட்டிக்கொண்டிருப்பார்கள். நிறமும் மண்ணும் கையில் கிடைத்தபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் எத்தனை பிள்ளைகள் அலையை வரைந்தார்கள்! கறுப்பு அலை, தென்னை மரத்தை விட உயரமான அலை. வாயால் ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளைகள் அவர்கள். அன்று அந்தப் படங்களைப் பார்த்து அழுத ஊர், இன்று முக அட்டையைப் பார்த்துச் சிரிப்பது எப்படி?

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேச முடியாத பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்தால் அது எப்படிச் சொல்லும்? தீங்கு செய்பவர்கள் அப்படிப்பட்ட பிள்ளையைத் தேடித்தான் வருகிறார்கள், வெளியே சொல்லாது என்ற தைரியத்தில். "எனக்குப் பயம்", "இங்கே நோகுது", "வேண்டாம்", "உதவி" என்ற நான்கு அட்டைகள் அந்தத் தைரியத்தை உடைக்கும். இதற்காக மட்டுமாவது நாங்கள் அட்டைகளை விட மாட்டோம்.

படம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. பிழையாகப் பாவித்தால் இதுவும் கெடுதல்தான். கோப முகத்தில் கிளிப் மாட்டிய பிள்ளையைத் தண்டித்தால் அடுத்த நாள் எல்லாப் பிள்ளையும் சந்தோச முகத்தில்தான் மாட்டும். சொல்ல விருப்பமில்லாத பிள்ளை கிளிப்பைக் கையிலேயே வைத்திருக்கலாம். "தெரியாது" என்பதும் ஒரு பதில். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத பிள்ளைகள் இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, வடிவமும் எழுத்தும் சேர வேண்டும். கண் பார்வை இல்லாத பிள்ளைக்குப் படம் பயன்படாது. அந்தப் பிள்ளைக்குத் தொட்டு அறியும் அடையாளங்கள் வேண்டும்: இடைவேளைக்கு ஒரு கரண்டி, விளையாட்டுக்கு ஒரு பந்து. யாரையும் வெளியே விடாமல் இருப்பதுதான் நோக்கம். படம் அதற்கு ஒரு வழி.

கடைசியாகப் பெரியவர்களிடம் வருவோம். நமது பள்ளிவாசல் கூட்டத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பேசுவது யார்? ஒவ்வொரு முறையும் அதே ஐந்தாறு பேர். பின்வரிசையில் இருக்கும் மீன்பிடிக்காரரும் திரைக்குப் பின்னால் இருக்கும் உம்மாமாரும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறார்கள். "எல்லாரும் சம்மதம்" என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. அது சம்மதம் அல்ல. மைக்கைப் பிடிக்கத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொருவர் கையிலும் மூன்று அட்டை கொடுத்துப் பாருங்கள்: சரி அடையாளம் போட்டது சம்மதம், கேள்விக்குறி போட்டது விளங்கவில்லை, பெருக்கல் அடையாளம் போட்டது சம்மதமில்லை. பேச வேண்டிய விடயங்களைப் பலகையில் படமாக வரையுங்கள்: வடிகான், மலசலகூடம், மதில். அப்போது தெரியும் ஊரின் உண்மையான கருத்து. குத்பாவின் முக்கியமான விடயங்களைத் திரையில் காட்டினால், வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும் காது கேளாத சகோதரருக்கும் அந்த ஜும்ஆ சேரும். பக்கவாதத்தில் பேச்சு இழந்த வாப்பா எத்தனை வீட்டில் இருக்கிறார்! தண்ணீர், வலி, தொழுகை, பேரப்பிள்ளை, வெளியே போகணும் என்று ஒரு அட்டையில் வரைந்து அவர் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். அவர் மறுபடியும் அந்த வீட்டின் வாப்பா ஆவார்.

இதற்கு எவ்வளவு செலவு? ஒரு பிரிஸ்டல் போர்ட், இரண்டு மார்க்கர், ஒரு பக்கெட் உடுப்புக் கிளிப், ஒரு செலோடேப். பழைய மாணவர்கள் சேர்ந்து கேட் கட்டுகிறார்கள், வளைவு கட்டுகிறார்கள், கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனால் அந்த வளைவுக்குள்ளால் நுழையும் ஒரு பிள்ளை பதினொரு வருடம் ஒன்றையும் சொல்லாமல் வெளியே போனால் அந்த வளைவு எதற்கு?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பெற்றோரே, வகுப்பில் இருக்கும் அட்டைகளில் ஒரு பிரதியை வீட்டிலும் ஒட்டுங்கள். நிருவாக சபையினரே, அடுத்த கூட்டத்தில் மூன்று அட்டைகளைப் பரீட்சித்துப் பாருங்கள். மௌலவிமாரே, உருவம் பற்றிய கேள்விக்கு எங்களோடு உட்கார்ந்து ஒரு வழி சொல்லுங்கள், நாங்கள் கேட்போம். அதிகாரிகளே, இது உள்ள வகுப்பை மேற்பார்வைக்கு வரும்போது "இது என்ன அலங்காரம்?" என்று கேட்காமல் ஒரு பிள்ளையிடம் "இன்றைக்கு உங்கட முகம் எது?" என்று கேளுங்கள்.

எங்கள் வகுப்புச் சுவரில் இருந்து அட்டைகள் இறங்காது. வந்து பார்க்க விரும்புபவர்கள் அதிபரிடம் அனுமதி எடுத்து வாருங்கள். போனை மட்டும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.